ஒரே அலை பல வழியாக வந்து சேர்ந்தால்

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது கைப்பேசியில் குரல் தெளிவாகக் கேட்கிறது. அதே கூடத்தில் இரண்டடி தள்ளி நின்றால் சொற்கள் உடைந்து வருகின்றன. "இந்த இடத்தில் டவர் எடுக்காது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நாற்காலிக்கே போய்விடுகிறோம். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான விஷயம். கோபுரம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. இரண்டடியால் அந்தத் தூரம் மாறியதாகவே கொள்ள முடியாது. இடையில் புதிதாகச் சுவர் எதுவும் எழும்பவில்லை. அப்படியிருக்க, அலை எங்கே போனது?

அலை எங்கும் போகவில்லை. சொல்லப்போனால், தேவைக்கு மேல் வந்துகொண்டிருக்கிறது. கோபுரத்திலிருந்து கிளம்பிய ஒரே அலை நேராக ஒரு முறை வருகிறது. எதிர்வீட்டுச் சுவரில் பட்டு ஒரு முறை, தெருவில் நிற்கும் லாரியின் தகரத்தில் பட்டு ஒரு முறை, தரையில் பட்டு ஒரு முறை என்று மீண்டும் மீண்டும் வந்து சேர்கிறது. இந்தப் பிரதிகள் எல்லாம் ஆண்டெனாவில் ஒன்றாகக் கூடுகின்றன. கூடும்போது சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. நீங்கள் இரண்டடி தள்ளி நின்ற இடம் அப்படிப்பட்ட ஓர் இடமாக இருக்கலாம்.

இதைப் பலபாதைக் குறுக்கீடு என்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையைப் படித்தவர்களுக்கு இது பழைய நண்பன்தான். இரண்டு பிளவுகள் வழியாக வரும் ஒளி திரையில் வெளிச்சப் பட்டையும் இருட்டுப் பட்டையும் மாறி மாறிப் போடுமே, அதே கணக்கு. ஒரேயொரு வேறுபாடு உண்டு. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான், அதனால் அந்தப் பட்டைகளைப் பார்க்க ஆய்வகமும் பொறுமையும் வேண்டும். வானொலி அலைகளின் நீளம் சென்டிமீட்டரிலும் மீட்டரிலும் இருக்கிறது. அந்தப் பட்டைகளுக்குள் நாம் நடந்தே போகலாம். தினமும் போய்க்கொண்டும் இருக்கிறோம்.

அரை அலைநீளம் செய்யும் வேலை

முதலில் அலைநீளத்தைக் கையில் பிடித்துக்கொள்வோம், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். வானொலி அலை வினாடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர் போகிறது. அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். 100 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் பண்பலை நிலையத்தின் அலைநீளம் 3 மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 12.5 சென்டிமீட்டர், நீட்டிய கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை நிலையத்துக்கு 417 மீட்டர், அதாவது ஒரு சிறிய தெரு முழுவதும்.

அலையில் முகடு உண்டு, அகடு உண்டு. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை ஓர் அலைநீளம். நேராக வந்த அலையும் சுவரில் பட்டு வந்த அலையும் ஆண்டெனாவை அடையும்போது முகடும் முகடும் சேர்ந்து விழுந்தால் இரண்டும் கூடும். ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சேர்ந்து விழுந்தால் கழியும். ஊஞ்சலை இருவர் தள்ளும்போது இருவரும் ஒரே தாளத்தில் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகிறது, ஒருவர் முன்னே தள்ளும் அதே நொடியில் மற்றவர் பின்னே தள்ளினால் அசையாமல் நிற்கிறது. இருவருமே முழு பலத்தோடுதான் தள்ளுகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சிக்னல் இல்லாத அந்த இடத்திலும் இரண்டு அலைகளும் நல்ல வலிமையோடுதான் வந்திருக்கின்றன.

முகடும் முகடும் சேருமா, முகடும் அகடும் சேருமா என்பதை முடிவு செய்வது பாதை வேறுபாடு. சுற்றி வந்த அலை, நேராக வந்த அலையைவிட எவ்வளவு தூரம் அதிகம் பயணப்பட்டது என்பதே கேள்வி. அந்த அதிகப்படித் தூரம் முழு அலைநீளங்களாக இருந்தால் கூடல், அரை அலைநீளம் மிச்சம் விழுந்தால் கழித்தல். இதில் ஒரு சிறு சிக்கலும் உண்டு. உலோகப் பரப்பில் பட்டுத் திரும்பும்போது அலை தலைகீழாகப் புரண்டுவிடும், முகடு அகடாகும். அதனால் உலோகச் சுவரை ஒட்டிய இடத்தில் நேர் அலையும் திரும்பிய அலையும் கிட்டத்தட்ட ஒரே தூரம் வந்திருந்தும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இரும்பு பீரோவோடு ஒட்டி ரௌட்டரை வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பீரோ அலையைத் தடுப்பது ஒரு தொல்லை, தன் முன்னால் வரும் அலையைப் புரட்டிப் போட்டு அழிப்பது இன்னொரு தொல்லை.

கையடக்கப் பண்பலை ரேடியோ ஒன்று இருந்தால் இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பக்கத்து ஊர் நிலையமாக, கொஞ்சம் இரைச்சலோடு வருவதாகப் பார்த்துப் பிடியுங்கள். வலுவான நிலையமாக இருந்தால் வேறுபாடு காதுக்குத் தெரியாது. ஆண்டெனாவை ஒரே சாய்வில் வைத்துக்கொண்டு ரேடியோவை அறையின் குறுக்கே மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் இரைச்சல் எழும், கொஞ்சம் தாண்டினால் அடங்கும், இன்னும் தாண்டினால் மறுபடி எழும். ஒலிபரப்புக் கோபுரத்துக்கும் எதிரே நிற்கும் ஒரு சுவருக்கும் நடுவில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், நல்ல இடத்துக்கும் கெட்ட இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அரை அலைநீளம் 1.5 மீட்டர் ஆயிற்றே, இதென்ன பாதி என்று கேட்கத் தோன்றும். சுவரை நோக்கி ஓரடி நகர்ந்தால் நேர் அலையின் பாதை ஓரடி கூடுகிறது, சுவரில் பட்டுத் திரும்பும் அலையின் பாதை ஓரடி குறைகிறது. ஆக, பாதை வேறுபாடு இரண்டடி மாறிவிடுகிறது. அதனால்தான் பாதித் தூரம் போதும். உண்மையான அறையில் சுவர் நான்கு, தரை, கூரை, மின்விசிறி, ஜன்னல் கம்பி எல்லாம் இருப்பதால் இவ்வளவு ஒழுங்காக வராது. ரேடியோவைத் தொடாமல் நீங்கள் அதன் அருகே நடந்தாலே ஒலி மாறும், உடம்பும் அலையைத் திருப்பும் பொருள்தான்.

முழுவதும் அழிவது அரிது. சுற்றி வரும் அலை வழியில் கொஞ்சம் வலு இழந்து வருவதால் கழித்தலில் மிச்சம் நிற்கும். நேர் அலையின் வீச்சு, அதாவது முகட்டின் உயரம், 1, திரும்பிய அலையின் வீச்சு 0.5 என்றால், நல்ல இடத்தில் 1.5 கிடைக்கும், கெட்ட இடத்தில் 0.5. மூன்று மடங்கு வேறுபாடு. திறன் வீச்சின் இருமடிக்கு ஏற்ப மாறும், அதனால் திறனில் ஒன்பது மடங்கு. திரும்பிய அலை 0.9 அளவுக்கு வலுவாக இருந்தால் 1.9க்கும் 0.1க்கும் போட்டி. திறனில் 361 மடங்கு. கவனியுங்கள், எதிரொளிப்பு வலுவாக இருக்க இருக்க, கெட்ட இடத்தில் சிக்னல் விழும் பள்ளம் ஆழமாகிறது. நேர் அலையே கட்டடத்தின் பின்னால் மறைந்துபோய், எல்லாமே சுவர்களில் பட்டு ஏறக்குறைய ஒரே வலிமையோடு வரும் நகரத் தெருக்களில்தான் பள்ளங்கள் மிக ஆழமாக விழுகின்றன.

அழிந்த ஆற்றல் எங்கே போயிற்று என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. சமமான இரண்டு அலைகள் முழுவதும் கூடும் இடத்தில் வீச்சு இரண்டு மடங்கு, திறன் நான்கு மடங்கு. இரண்டு அலைகளும் தனித்தனியே கொண்டுவந்தது மொத்தம் இரண்டு மடங்குதானே? மற்ற இரண்டும் பள்ளத்திலிருந்து வந்தவை. நான்குக்கும் பூஜ்யத்துக்கும் சராசரி இரண்டு. ஆற்றல் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நகரும்போது இந்தப் பள்ளங்களை ஒவ்வொன்றாகக் கடக்கிறோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் வினாடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல் கடக்கிறது. பண்பலையில் பள்ளங்கள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்றால் வினாடிக்குப் பதினொன்று. பாட்டின் நடுவே "படபட" என்று ஒரு துடிப்பு கேட்குமே, அது இதுதான். சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது நிலையம் முற்றிலும் இரைச்சலாகி, ஓரடி முன்னே உருண்டதும் தெளிவாவதும் இதே காரணத்தால். 1800 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலைக்கு அதே வேகத்தில் வினாடிக்கு இருநூறு பள்ளங்கள் வரை வரும். அத்தனையையும் சமாளித்துக்கொண்டு பேச்சு அறுபடாமல் வருகிறது என்பதை நினைத்தால், அது அவ்வப்போது அறுபடுவதற்குக் கோபப்படுவது கொஞ்சம் அநியாயம்.

தொலைக்காட்சியில் விழுந்த நிழல்

கேபிள் வருவதற்கு முன்பு மாடியில் அலுமினியக் குழல் ஆண்டெனா வைத்துத் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு இதன் இன்னொரு முகம் நினைவிருக்கும். செய்தி வாசிப்பவரின் வலப்பக்கத்தில் மங்கலாக இன்னொரு செய்தி வாசிப்பவர். "நிழல் விழுகிறது" என்று கீழிருந்து ஒருவர் கத்த, மேலே ஒருவர் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பார். கொடைக்கானல் நிலையத்தைப் பிடிக்க முயன்ற மலையடிவார ஊர்களில் இது நன்றாகவே பழகிய காட்சி.

நிழல் ஏன் எப்போதும் வலப்பக்கம் விழுந்தது? படக்குழாயில் படம் இடமிருந்து வலமாக, கோடு கோடாக வரையப்பட்டது. இந்தியாவில் இருந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஒரு கோட்டின் படப்பகுதி 52 மைக்ரோ வினாடி. மலையில் பட்டுத் தாமதமாக வரும் அலை, படத்தை வரையும் எலக்ட்ரான் கற்றை கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்த பிறகு வந்து அதே உருவத்தை அங்கே வரைந்துவிடும். 21 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர், அதை 52ஆல் வகுத்தால் ஒரு மைக்ரோ வினாடிக்குக் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். ஒரு மைக்ரோ வினாடியில் அலை போகும் தூரம் 300 மீட்டர். ஆக, திரையில் அடிக்கோலை வைத்து நிழலின் தூரத்தை அளந்தால் அந்த அலை எவ்வளவு சுற்றி வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். நிழல் 3 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் ஏறத்தாழ 4 மைக்ரோ வினாடி, 1.2 கிலோமீட்டர் அதிகப்படிப் பாதை. ஆண்டெனாவுக்கு நேர் பின்னால் இருக்கும் குன்றிலிருந்து அது திரும்பி வந்திருந்தால், போகவும் வரவுமாகக் கணக்கிட்டு, குன்று 600 மீட்டர் தொலைவில் இருக்கிறது.

ஆண்டெனாவைத் திருப்பியது வீண் வேலையும் அல்ல. 1920களில் ஜப்பானில் ஷிண்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் உருவாக்கிய அந்த ஆண்டெனாவின் வடிவமே, ஒரு திசையிலிருந்து வருவதை நன்றாகப் பிடித்து மற்ற திசைகளை ஒதுக்குவதற்காகத்தான். சில சமயம் நிலையத்தை நேராகப் பார்க்கும் திசையைவிடக் கொஞ்சம் விலகிய திசையில் படம் சுத்தமாக வரும். அப்போது படத்தின் வலிமை சற்றுக் குறைந்திருக்கும், ஆனால் குன்றிலிருந்து வருவது ஆண்டெனாவுக்குக் கேட்காத கோணத்தில் போய் விழுந்திருக்கும்.

ரேடியோவின் இரைச்சலுக்கும் தொலைக்காட்சியின் நிழலுக்கும் காரணம் ஒன்றே என்றாலும் கேடு இரண்டு வகை என்பதை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். தாமதம் மிகச் சிறியதாக, அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தால் அலைகள் கூடவோ கழியவோ செய்கின்றன, சிக்னல் ஏறி இறங்குகிறது. தாமதம் பெரியதாகி, அலை சுமந்து வரும் செய்தியின் நுணுக்கத்தோடு ஒப்பிடத்தக்கதாக ஆகிவிட்டால், பழைய செய்தி புதிய செய்தியின் மேல் விழுகிறது. டிஜிட்டல் யுகத்தில் இந்த இரண்டாவது கேடுதான் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. அதற்கு வருவதற்கு முன்பு, முதல் கேட்டை வைத்தே ஒருவர் வானத்தை அளந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை அதுதான்.

1924: ஏற்ற இறக்கங்களை எண்ணி வானத்தை அளந்தவர்கள்

இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இரவு நேரத்து மத்திய அலையின் குணம் தெரியும். பாட்டு நன்றாக வந்துகொண்டிருக்கும், மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கும், பிறகு தானாகவே திரும்பி எழும். ரேடியோவை யாரும் தொடவில்லை, ஒலிபரப்பியும் அசையவில்லை. எனவே பாதைகளில் ஏதோ ஒன்று அசைந்திருக்க வேண்டும்.

அசைந்தது மேலே உள்ள பாதை. பூமியின் பரப்பை ஒட்டி வரும் தரை அலை ஒன்று. வானத்தில் உயரே, மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் வான் அலை இன்னொன்று. பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிவிடுவதால் வான் அலை வராது. சூரியன் மறைந்ததும் அந்தக் கீழடுக்கு கலைந்துவிடும், மேலடுக்கிலிருந்து அலை திரும்பி வரத் தொடங்கும். மேலடுக்கு நிலையாக நிற்கும் பொருள் அல்ல. அது நூறு மீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ, செங்குத்தாக ஏறி இறங்கும் அலைக்குப் பாதை இருநூறு மீட்டர் மாறும். நானூறு மீட்டர் அலைநீளத்துக்கு அது பாதி, கூடல் கழித்தலாகிவிடும். தரை அலையே எட்டாத தூரத்தில் ஒருமுறை திரும்பி வந்த வான் அலையும் இருமுறை துள்ளி வந்த வான் அலையும் இதே விளையாட்டை விளையாடும்.

1924இல் இப்படி ஓர் அடுக்கு இருப்பது ஊகம் மட்டுமே. 1901இல் மார்க்கோனியின் சிக்னல் வளைந்த பூமியைத் தாண்டி அட்லாண்டிக்கின் மறுகரைக்கு எப்படிப் போயிற்று என்பதை விளக்க, 1902இல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே அந்த ஊகத்தை முன்வைத்திருந்தார்கள். நேரடிச் சான்று யாரிடமும் இல்லை. பிரிட்டிஷ் இயற்பியலாளர் எட்வர்ட் ஆப்பிள்டன், பிபிசியின் ஒலிபரப்பு பகலில் சீராகவும் இரவில் ஏறி இறங்கியும் வருவதைக் கவனித்தார். ஏறி இறங்குவது குறுக்கீட்டால் என்றால், பாதை வேறுபாட்டை அளந்துவிடலாம் என்று அவருக்குப் பட்டது. ஆனால் எத்தனை அலைநீளம் வேறுபாடு என்பதைக் கூடலையும் கழித்தலையும் பார்த்து மட்டும் சொல்ல முடியாதே. பத்தரை அலைநீளமும் ஐந்நூற்றரை அலைநீளமும் ஒரே பள்ளத்தைத்தான் தரும்.

அவருடைய தந்திரம் மிக எளியது. அடுக்கு அசையும் வரை காத்திருக்காமல் அலைநீளத்தையே மெதுவாக மாற்றிவிடுவது. நியூசிலாந்திலிருந்து வந்த மாணவர் மைல்ஸ் பார்னெட்டோடு சேர்ந்து, 1924 டிசம்பரில், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ன்மத் பிபிசி நிலையத்தை இரவு நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு இதற்காகப் பயன்படுத்தினார். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தள்ளி ஆக்ஸ்ஃபோர்டில் கருவி இருந்தது. போர்ன்மத்தில் ஒலிபரப்பியின் அலைநீளம் நகர நகர, ஆக்ஸ்ஃபோர்டில் சிக்னல் ஏறி இறங்கி ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கங்களை எண்ணினார்கள்.

எண்ணி என்ன கிடைக்கும் என்பதைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. பாதை வேறுபாடு 100 கிலோமீட்டர் என்று வையுங்கள். 385 மீட்டர் அலைநீளத்தில் அதற்குள் ஏறத்தாழ 260 அலைகள் அடங்கும். 395 மீட்டருக்கு மாற்றினால் 253. அலைநீளத்தை நகர்த்தும் நேரத்தில் வேறுபாடு ஆறரை அலை மாறியிருக்கிறது, ஆகவே சிக்னல் ஆறேழு முறை ஏறி இறங்கியிருக்கும். இதையே தலைகீழாகப் போடுங்கள். ஆறேழு முறை ஏறி இறங்கினால் பாதை வேறுபாடு 100 கிலோமீட்டர். தரைப் பாதை 120, எனவே வான் பாதை 220. பாதி வழி ஏற்றம், பாதி வழி இறக்கம், ஒவ்வொன்றும் 110. தரையில் பாதி 60. பிதாகரஸ் தேற்றம் மிச்சத்தைச் சொல்லிவிடும்: உயரம் 92 கிலோமீட்டர்.

அவர்களுக்கும் நூறு கிலோமீட்டரை ஒட்டிய விடையே கிடைத்தது. ராக்கெட் போகாத, பலூன் எட்டாத உயரம். ஒரு பொது ஒலிபரப்பு நிலையத்தையும், சாதாரண ரேடியோ ரசிகர்கள் எரிச்சலோடு சகித்துக்கொண்ட ஒரு கோளாறையும் வைத்துக்கொண்டு அதை அளந்தார்கள். ஆப்பிள்டனுக்கு 1947இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. வீட்டின் மேல் விமானம் தாழப் பறக்கும்போது பழைய தொலைக்காட்சிப் படம் துடிக்கும். விமானத்தில் பட்ட அலையும் நேர் அலையும் கூடிக் கழிந்துகொண்டே இருப்பதால் வரும் துடிப்பு அது. 1935 பிப்ரவரியில் வாட்சன் வாட்டும் ஆர்னால்ட் வில்கின்ஸும் டேவன்ட்ரி பிபிசி நிலையத்தின் சிற்றலைக்குக் குறுக்கே ஒரு குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிட்டு, கருவியில் அந்தத் துடிப்பைக் கண்டார்கள். பிரிட்டனின் ரேடார் அங்கிருந்துதான் தொடங்கியது.

எதிரொலி ஓயும் வரை காத்திருத்தல்

இனி டிஜிட்டல். கைப்பேசியும் வைஃபையும் செய்தியைச் சிறு குறிகளாக வெட்டி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகின்றன. வேகமாக அனுப்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு குறியும் குறுகியதாக இருக்க வேண்டும். குறி ஒரு மைக்ரோ வினாடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் அதற்குள் அலை போகும் தூரம் 30 மீட்டர் மட்டுமே. தெருவின் எதிர்ச்சுவரில் பட்டு வரும் பிரதி அடுத்த குறியின் மேல் விழுந்துவிடும், கொஞ்சம் தள்ளியுள்ள கட்டடத்தில் பட்டது அதற்கும் அடுத்ததன் மேல். தொலைக்காட்சி நிழலைக் கண் பொறுத்துக்கொண்டது. ஒன்றா பூஜ்யமா என்று முடிவு செய்ய வேண்டிய கருவி பொறுத்துக்கொள்ளாது.

இதற்கு இன்று வைஃபையும் 4ஜியும் 5ஜியும் கையாளும் வழி ஒன்றே. ஒரு வேகமான ஓட்டத்துக்குப் பதிலாக, பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களில் பல மெதுவான ஓட்டங்கள். ஒவ்வொன்றும் மெதுவாகப் போவதால் குறியை நீளமாக வைத்துக்கொள்ளலாம். நீளமான குறிக்கு முன்னால் கொஞ்சம் காப்பு நேரம் விட்டுவிட்டால், முந்தைய குறியின் பிரதிகள் எல்லாம் அதற்குள் வந்து அடங்கிவிடும், பெறும் கருவி அந்தப் பகுதியைத் தூக்கிப்போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் படிக்கும். சென்ற பதிற்றாண்டுகளின் வைஃபையில் குறி 4 மைக்ரோ வினாடி, அதில் காப்பு நேரம் 0.8. அதாவது 240 மீட்டர் வரை சுற்றி வரும் பிரதிகளை அது தாங்கும், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தாராளம். 4ஜியில் குறி கிட்டத்தட்ட 67 மைக்ரோ வினாடி, காப்பு நேரம் ஏறத்தாழ 4.7. இது 1.4 கிலோமீட்டர், ஊர் முழுக்கச் சுற்றி வருவதற்கான இடம்.

பல அதிர்வெண்களில் பிரித்து அனுப்புவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, ஆப்பிள்டன் கண்டதே அது. அலைநீளம் மாறினால் பள்ளம் இடம் மாறும். 30 மீட்டர் பாதை வேறுபாடு இருக்கும் இடத்தில் 10 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வைஃபை அலைவரிசையில் இரண்டு பள்ளங்கள். அவற்றில் விழுந்த ஓட்டங்கள் மட்டும் கெடும், மற்றவை பிழைக்கும். செய்தியை முன்கூட்டியே கொஞ்சம் மிகையாகக் குறியிட்டு எல்லா ஓட்டங்களிலும் பரப்பி வைத்திருந்தால், பிழைத்தவற்றைக் கொண்டு கெட்டதை மீட்டுவிடலாம்.

ரௌட்டரில் ஏன் இரண்டு, மூன்று ஆண்டெனா என்பதற்கும் இப்போது பாதி விடை கிடைத்துவிட்டது. ஒன்று பள்ளத்தில் இருந்தால் சில சென்டிமீட்டர் தள்ளியுள்ள மற்றது மேட்டில் இருக்க வாய்ப்பு உண்டு. வைஃபை சரியாக வராத மூலையில் ரௌட்டரை ஒரு சாண் நகர்த்திப் பார்ப்பது கடையில் புதுக் கருவி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை என்று நான் சொல்வதும் இதனால்தான். செலவும் இல்லை.

பாதைகள் பலவாக இருந்தால் நல்லது

மற்ற பாதி விடை இன்னும் சுவையானது. பல பாதைகளைச் சமாளிக்கும் காலம் போய், அவற்றைக் கூலிக்கு அமர்த்தும் காலம் வந்தது. அதன் தொடக்கத்தில் இருப்பவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் இருந்தபோது, ஒலியைக் கொண்டு நீருக்கடியில் இருப்பதைக் கண்டறியும் சோனார் கருவி உருவாக்கியவர். கடலுக்கடியில் ஒலியும் நீர்ப்பரப்பிலும் கடல்தரையிலும் பட்டுப் பல வழியாகத்தான் வரும் என்பது வேறு விஷயம். பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து, அனுப்பும் இடத்திலும் பெறும் இடத்திலும் பல ஆண்டெனாக்களை வைத்து ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் பல செய்திகளை அனுப்பும் யோசனைக்கு 1994இல் காப்புரிமை பெற்றார். 2014இல் மார்க்கோனி பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஒரே அதிர்வெண்ணில் இரண்டு செய்தி போனால் கலந்துவிடாதா? கலக்கும். கலந்ததைப் பிரிக்க முடியுமா என்பதே கேள்வி. இரண்டு ஆண்டெனாக்கள் இரண்டு எண்களை அனுப்புவதாகக் கொள்வோம், அவற்றை x, y என்போம். பெறும் முதல் ஆண்டெனாவுக்கு வந்து சேரும் பாதைகளின் கலவையால் 3x + y கிடைக்கிறது, மதிப்பு 11. இரண்டாவதற்கு வேறு கலவை, x + 2y, மதிப்பு 12. எட்டாம் வகுப்புப் பிள்ளை கூடப் போட்டுவிடும்: x = 2, y = 5. இப்போது இரண்டாவது ஆண்டெனாவுக்கும் முதலாவதைப் போன்ற பாதைகளே அமைந்து 6x + 2y = 22 கிடைத்தால்? அது முதல் சமன்பாட்டின் இரண்டு மடங்கு மட்டுமே, புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. x, y இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஆக, இரண்டு ஆண்டெனாக்களுக்கும் பாதைகள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தாக வேண்டும். அந்த வேறுபாட்டைக் கொடுப்பவை சுவரும் கூரையும் லாரித் தகரமும்தான். 3, 1, 1, 2 என்ற எண்கள் பெறும் கருவிக்கு எப்படித் தெரியும் என்றால், செய்திக்கு நடுவே முன்பே தெரிந்த குறிகளை அனுப்பி, அவை எப்படி மாறி வந்திருக்கின்றன என்று பார்த்து நொடிக்குப் பலமுறை கணக்கிட்டுக்கொள்கிறது. 2009இல் வெளியான வைஃபை தரத்திலிருந்து இது வீட்டு ரௌட்டருக்கே வந்துவிட்டது.

இதனால் ஒரு தலைகீழ் நிலைமை ஏற்பட்டது. கோபுரம் கண்ணுக்கு நேராகத் தெரியும் வெட்டவெளியில், சுற்றி எதுவும் இல்லாத இடத்தில், சிக்னல் வலுவாக இருந்தும் இந்த முறையால் பெரிய லாபம் கிடைப்பதில்லை. எல்லா ஆண்டெனாக்களுக்கும் ஏறத்தாழ ஒரே நேர்ப்பாதை அமைந்து சமன்பாடுகள் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. சாமான் நிறைந்த, சுவர் சூழ்ந்த இடம் மேல். வெட்டவெளியை அப்படியே விட்டுவிட முடியாது என்பதால் பொறியாளர்கள் அலையின் சாய்வைப் பயன்படுத்துகிறார்கள். கைப்பேசிக் கோபுரத்தில் தொங்கும் நீண்ட வெள்ளைப் பெட்டிகளுக்குள் ஆண்டெனாக்கள் ஜோடி ஜோடியாக, ஒன்று இடப்பக்கம் 45 பாகையும் மற்றது வலப்பக்கம் 45 பாகையும் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே நேர்ப்பாதையில் வந்தாலும் சாய்வு வேறு என்பதால் பெறும் கருவி அவற்றைத் தனித்தனியே பிடித்துக்கொள்ளும். இரண்டு செய்திகளுக்கு அது போதும். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் மறுபடியும் யாருடைய சுவராவது வேண்டும்.